பழியைத் தண்ணீர்மேல் போடாதே

அன்புள்ள கயல்விழி,

உன் கடிதம் கிடைத்தது. படிப்பு, விடுதிச் சாப்பாடு, அறைத்தோழி எல்லாவற்றையும் நாலு வரியில் முடித்துவிட்டு, முடி கொட்டுவதைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். "சென்னையில் போர்த் தண்ணீர் ஒரே உப்பு சார், அதனால்தான்" என்று தீர்ப்பையும் நீயே சொல்லிவிட்டாய். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்து விடுதிக்குப் போகிற பிள்ளைகள் எல்லோரும் பாடுகிற பாட்டுத்தான் இது. உயிரியலில் முதல் மதிப்பெண் வாங்கிய நீயும் பாடினால் எனக்குக் கோபம் வராதா?

ஜூலையில் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். ஆகஸ்டில் சென்னை போனாய். அக்டோபரில் முடி கொட்டுகிறது. நீ ஆகஸ்டைப் பிடித்துக்கொண்டாய். நான் ஜூலையைப் பிடிக்கிறேன்.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சி அடங்கும். அதன்பின் சுமார் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு உதிரும். எந்த நாளில் பார்த்தாலும் பத்தில் ஒரு பங்கு முடி இந்த ஓய்வில் இருக்கிறது என்று வைத்துக்கொள். 10,000 முடி, 100 நாள். ஒரு நாளைக்கு 100. இது நோயில்லை, வகுத்தல் கணக்கு.

கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினிக்குச் சமமான டயட், இவற்றில் ஏதாவது வந்தால் வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பல ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று மாதம் கழித்துச் சீப்பில் தெரியும். முடி கொட்டுகிறது என்று யார் வந்தாலும் நான் ஷாம்பு பெயரைக் கேட்பதில்லை. காலண்டரைப் பின்னால் புரட்டச் சொல்கிறேன். இதற்குப் பயந்தே என் தங்கை என்னிடம் தலைமுடிப் பேச்சை எடுப்பதில்லை.

1961இல் இந்த முடி உதிர்வை விளக்கி 'டெலோஜென் எஃப்லூவியம்' என்று பெயர் வைத்தவர் பிலடெல்பியாவின் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். அதே மனிதர்தான் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் உடம்பில் ஆண்டுக்கணக்காக மருந்துகளையும் ரசாயனங்களையும் சோதித்துப் பார்த்தவர். ஆலன் ஹார்ன்ப்ளம் 1998இல் எழுதிய 'ஏக்கர்ஸ் ஆஃப் ஸ்கின்' என்ற புத்தகத்தைப் படித்ததிலிருந்து, கிளிக்மன் பெயரைச் சொன்னால் அந்தச் சிறையையும் சேர்த்தே சொல்கிறேன். முடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதே. அறிவியல் படிக்கிறவளுக்குச் சம்பந்தம் உண்டு.

நாளைக் காலை சீப்பில் வருகிற முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறியதாய் வெள்ளை முண்டு இருக்கும். வேரோடு வந்துவிட்டது என்று அலறாதே. வேர் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஓய்வு முடிந்து தானே கழன்ற முடிக்கு அடையாளம் அந்த முண்டு. முண்டே இல்லாமல் குட்டையாக வந்தால் அது உதிர்ந்ததல்ல, நடுவில் ஒடிந்தது. தண்ணீர்மேல் வழக்குப் போடுவதானால் இந்த ஒடிந்த முடிக்காக மட்டும் போடு. தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் முடியில் படிந்து சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், ஈரத்தோடு இழுத்துச் சிக்கெடுத்தால் ஒடியும். தோலுக்குள் இறங்கி வேரைப் பிடுங்கும் சக்தி தண்ணீருக்கு இல்லை.

உன் ஆச்சி சொல்கிறபடி தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொள். அது வேருக்குச் சாப்பாடு போடுகிறது என்று மட்டும் சொல்லாதே. வேருக்குச் சாப்பாடு ரத்தத்தில்தான் வரும். வெளியே தெரிவது உயிரில்லாத கெரட்டின். எண்ணெய் காப்பது அதைத்தான். 2003இல் ரேலே, மொஹிலே என்ற ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழுவிப்போவதைத் தேங்காயெண்ணெய் மட்டும்தான் நன்றாகக் குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் நுழையக்கூடியது. அவர்கள் தேங்காயெண்ணெய் விற்கிற கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் என்பதையும் மறக்காதே.

அறைத்தோழி கொடுத்த பயோட்டின் மாத்திரையை நிறுத்து. பயோட்டின் பற்றாக்குறை அபூர்வம். அளவு மிஞ்சினால் தைராய்டு முதலான சில ரத்தப் பரிசோதனைகளைத் தப்பாகக் காட்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இலேயே எச்சரித்துவிட்டது. முடி கொட்டுகிறவர்களுக்கு முதலில் பார்க்கவேண்டியவையே தைராய்டும் இரும்புச்சத்தும்தான்!

உனக்கு வந்திருப்பது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கிவிடும். சித்திரை விடுமுறையிலும் நிற்கவில்லை என்றாலோ, நடுவில் எங்காவது வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ தோல் மருத்துவரைப் பார்க்கவேண்டும். அதுவரை முட்டை, சுண்டல், கீரை எது கிடைத்தாலும் ஒதுக்காமல் சாப்பிடு. காலையில் இட்லியை விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுகிறாய் என்று உன் அம்மா சொன்னார். முதலில் அதை நிறுத்து.

அன்புடன்,
உன் உயிரியல் ஆசிரியர்