அச்செழுத்தும் அதன் பெயரும்

கையால் எழுதுவோன் ஓர் எழுத்தை இடத்துக்கிடம் சிறிது மாற்றி எழுதலாம். அச்செழுத்தை வகுப்போனுக்கு அவ்வுரிமை இல்லை. அவன் அமைத்த வடிவமே எண்ணற்ற பக்கங்களில் மாறாது நிற்கும். ஆதலின் அவனது பிழையும் நிலைபெற்றுவிடும்.

போர்த்துக்கேயர் வழிவந்தோரின் ஊராக வஹகோட்டையை அறிந்த நமக்கு, தமிழச்சின் தொடக்கமும் அந்நாட்டவரோடு தொடர்புடையதென்பது சிந்திக்கத்தக்கது. போர்த்துக்கேயத் துறவியான ஹென்றீக்கஸ் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இற் கொல்லத்தில் அச்சேறிற்று. கோவாவில் 1577இலும் கொல்லத்தில் 1578இலும் வார்க்கப்பெற்ற இருவகை எழுத்துக்களை அந்நூல் காட்டுகின்றது. அன்று ஊரும் ஆண்டுமே எழுத்தின் அடையாளமாயின.

அவ்வெழுத்துக்களில் மெய்க்குரிய புள்ளி இல்லை. ஓலையின் வழக்கே அச்சிலும் தொடர்ந்தது. 'பல' என்று காணின், அது பலவோ பல்லோ என்பதை வாசிப்போனே தெளியவேண்டும். வடிவத்தின் குறை பொருளின் குறையாயிற்று.

நம் காலத்தில் பிரியா ரவிச்சந்திரன் ஒன்பது தடிப்புக்களில் வகுத்த தமிழ், இலத்தீன் எழுத்துருவின் பெயர் 'கட்டமரான்'. நமது கட்டுமரம் கடல் கடந்து ஆங்கிலத்திற் பெற்ற உருவே அச்சொல். மரங்களைப் பிணைத்தாற்போல் இரு வரிவடிவங்களைப் பிணைத்த எழுத்துக்கு அது பொருத்தமான பெயரன்றோ!

எழுத்துரு வகுக்க விழையும் மாணவர் முதலில் 'ண', 'ன', 'ள' மூன்றையும் மிகச் சிறிதாக எழுதி, பிறரிடம் வாசிக்கக் கொடுப்பாராக. அவர் தடுமாறாது வாசித்த பின்னர்ப் பெயரிடலாம். பெயர் எழுத்தை நினைவில் நிறுத்தும். தெளிவே அதனை வாழவைக்கும்.