புத்தாண்டு இலக்கு: தொடங்குவதும் தொடர்வதும்

புத்தாண்டு பிறந்ததும் நம்மில் பலர் நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் ஓர் உறுதிமொழியை எழுதுகிறோம். ‘இந்த ஆண்டு சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவேன்’, ‘பத்துக் கிலோ எடை குறைப்பேன்’, ‘புகைப்பதை விட்டொழிப்பேன்’ என்று எழுதும்போது மனம் நிறைகிறது. பொங்கல் வரும்போது அவ்வுறுதி தளர்ந்திருக்கும்; தை முடிவதற்குள் சிலருக்கு மறந்தே போயிருக்கும். நலமாக இருப்பவருக்கு இது சிறிய ஏமாற்றம். நோயுடன் வாழ்பவருக்கோ இதன் விலை பெரிது. ‘என்னால் இயலாது’ என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டால், நடைப்பயிற்சியோடு மாத்திரையும் நின்றுபோகக்கூடும். மறுபரிசோதனைக்கு வரவும் மனம் தயங்கும்.

அதற்காக, உறுதி எடுப்பதே வீண் என்று கருத வேண்டியதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்கிராஸும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, புத்தாண்டில் உறுதி எடுத்தவர்களையும், மாற விரும்பியும் உறுதி எடுக்காதவர்களையும் ஆறு மாதங்கள் பின்தொடர்ந்தது. உறுதி எடுத்தவர்களுள் 46 விழுக்காட்டினர் அதில் நிலைத்திருப்பதாகத் தெரிவித்தனர். மற்றவர்களுள் 4 விழுக்காட்டினரே வெற்றி கண்டிருந்தனர். எனவே உறுதி எடுங்கள். அதை எவ்வாறு அமைத்தால் நிலைக்கும் என்பதே இக்கட்டுரை கூற விழைவது.

1. எண்ணை எழுதாமல் செயலை எழுதுங்கள்

‘சர்க்கரையைக் குறைப்பேன்’ என்பது விருப்பம். பரிசோதனைத் தாளில் வரும் எண் உணவு, மருந்து, உறக்கம், கவலை, கிருமித் தொற்று எனப் பலவற்றைச் சார்ந்தது. முழுவதும் நம் கையில் இல்லை. ‘இரவு உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடப்பேன்’ என்பதோ நம் கையில் உள்ளது. அதைச் செய்தோமா இல்லையா என்பது அன்றிரவே தெரிந்துவிடும்.

எண்கள் மெதுவாகவே மாறுபவை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். எச்பிஏ1சி என்னும் பரிசோதனை, ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவைக் காட்டுவது. இரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாட்கள் வாழ்வதே இதற்குக் காரணம். ஆகவே ஜனவரி முதல் நாள் தொடங்கிய நற்பழக்கத்தின் பலன் ஏப்ரல் மாதப் பரிசோதனையில்தான் முழுமையாகத் தெரியும். பதினைந்தாம் நாளே தாளைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள்.

உப்பைக் குறைக்க விரும்புவோர்க்கும் இதுவே வழி. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்பு உட்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘உப்பைக் குறைப்பேன்’ என்று எழுதினால் எங்கே தொடங்குவது என்று தெரியாது. ‘ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை அன்றாட உணவிலிருந்து நீக்குவேன், மோரில் உப்பிடமாட்டேன்’ என்று எழுதினால் வீட்டில் அனைவருக்கும் விளங்கும்.

2. எப்போது, எங்கே என்று குறியுங்கள்

‘இன்ன வேளை வந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்வது, வெறுமனே ‘செய்வேன்’ என்பதைவிட வலுவானது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் பிறரும் பல ஆய்வுகளில் காட்டியுள்ளனர். வேளை வந்ததும் செயல் தானாக நினைவுக்கு வருகிறது. அந்நேரத்தில் மனத்தோடு வாதாட வேண்டியதில்லை.

ஏற்கெனவே தவறாமல் நிகழும் ஒன்றோடு புதிய பழக்கத்தை இணைப்பது எளிது. ‘காலையில் பல் துலக்கியதும் இரத்த அழுத்த மாத்திரையை எடுப்பேன்.’ ‘மாலை விளக்கேற்றியதும் மொட்டை மாடியில் இருபது நிமிடம் நடப்பேன்.’ ‘இரவு படுக்குமுன் இரு பாதங்களையும் பார்ப்பேன், அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பார்ப்பேன்.’ இவ்வாறு எழுதப்பட்ட இலக்கு, நாளின் ஒரு பகுதியாகவே அமைந்துவிடும்.

3. ஒரு நாள் தவறினால்

பெரும்பாலான உறுதிகள் முறியுமிடம் இதுவே. ஒரு நாள் தவறியதும் ‘எல்லாம் போயிற்று’ என்று கைவிட்டுவிடுகிறோம்.

லண்டனில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. அதில் 96 பேர் ஒவ்வொருவரும் உணவு, பருகுவது அல்லது உடற்பயிற்சி தொடர்பான ஒரு செயலை அன்றாடம் ஒரே வேளையில் செய்ய முயன்றனர். அச்செயல் பழக்கமாக வேரூன்றச் சிலருக்கு 18 நாட்களே போதும் என்றும், சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகும் என்றும் கணக்கிடப்பட்டது; நடு அளவு 66 நாட்கள். அவ்வாறெனில், ஜனவரி முதல் நாள் தொடங்கிய ஒருவருக்கு மார்ச் முதல் வாரம் வரை முயற்சி முயற்சியாகவே தோன்றுவது இயல்பு. அதே ஆய்வு கண்ட மற்றொன்று ஆறுதலானது: இடையில் ஒருமுறை தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை.

எனவே தவறிய நாளுக்கும் ஒரு விதியை இப்போதே எழுதிவையுங்கள்: ‘ஒரு நாள் தவறினால், மறுநாள் ஐந்து நிமிடமாவது நடப்பேன்.’ ஆனால் இவ்விதி நடைக்குப் பொருந்தும், மருந்துக்குப் பொருந்தாது. விட்டுப்போன மாத்திரையை ஈடுசெய்ய அடுத்த வேளையில் இரண்டாக விழுங்கக் கூடாது. என்ன செய்ய வேண்டும் என்பதை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4. தை மாதச் சோதனைகள்

உறுதி எடுத்த இரு வாரங்களில் பொங்கல் வந்துவிடுகிறது. சர்க்கரைப் பொங்கலும் கரும்பும் எதிரே இருக்கையில் ‘தொடவே மாட்டேன்’ என்று இருந்துவிட்டு, பிறகு மனம் கேட்காமல் நிறைய உண்பதைக் காட்டிலும், எவ்வளவு உண்ணலாம் என்பதை மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ முன்பே கேட்டு, அந்த அளவை ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்துக்கொள்வது நன்று. வெல்லமும் சர்க்கரையே; நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரையே.

தைப்பூசத்திற்குப் பழனிக்குப் பாதயாத்திரை செல்ல நேர்ந்துகொண்டோர், நெடுநாள் சர்க்கரை நோயினராயின், பாதங்களின் உணர்ச்சியைப் பரிசோதித்துக்கொண்ட பின்னரே புறப்பட வேண்டும். மரத்துப்போன பாதத்தில் முள் தைத்தாலும் கொப்புளம் கண்டாலும் வலி தெரியாது. வலி தெரியாத புண்ணே ஆறாத புண்ணாக மாறி, காலுக்கே கேடு விளைவிக்கிறது.

5. மருத்துவரைக் கேட்ட பின்னரே செய்ய வேண்டியவை

ஆர்வ மிகுதியால் தீங்கு நேர்வதும் உண்டு. ஆதலால் கீழ்க்கண்டவற்றை உங்கள் விருப்பப்படி தொடங்காதீர்கள்.

இன்சுலின் அல்லது சர்க்கரைக்கான மாத்திரை எடுப்போர் விரதமோ கடும் உடற்பயிற்சியோ மேற்கொண்டால், சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் தோன்றினால், விழுங்கும் நிலையில் இருப்பவர் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் பருக வேண்டும். மயங்கியவருக்கு வாய்வழியே எதையும் புகட்டாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

சோடியம் குறைக்கப்பட்ட உப்பில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயினருக்கு அது தீங்காகலாம்.

இரத்த அழுத்தம் சீராகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. பெரும்பாலும், மாத்திரை வேலை செய்வதால்தான் அது சீராக இருக்கிறது.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உள்ளோரும் அண்மையில் அறுவை செய்துகொண்டோரும் நடைப்பயிற்சியின் அளவைக் கேட்டறிந்த பின்னரே தொடங்க வேண்டும்.

6. உடனிருந்து கவனிப்போர்க்கு

‘அம்மாவுக்கு நேரத்துக்கு மருந்து கொடுப்பேன்’ என்று நோயாளியின் இலக்கையே தம் இலக்காக எழுதுவது உங்கள் வழக்கம். இவ்வாண்டு அதன் கீழே உங்களுக்கென்று ஒரு வரி சேருங்கள். கணவரின் இரத்த அழுத்தத்தை நாள்தோறும் குறித்துவைக்கும் மனைவி, தம்முடையதை ஆண்டுக்கணக்கில் பார்க்காமல் இருப்பதுண்டு. ‘அவருடைய அடுத்த பரிசோதனை நாளில் நானும் பார்த்துக்கொள்வேன்’ என்பது நல்ல இலக்கு. ‘ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் தம்பி அம்மாவுடன் இருப்பான், நான் வெளியே செல்வேன்’ என்பதும் நல்ல இலக்கே. இதைக் கேட்பது தன்னலமாகாது. நீங்கள் விழுந்துவிட்டால் இருவரையும் தாங்க ஆள் வேண்டும்.

நோய் முற்றிய நிலையில் இருப்பவரிடமும், ‘இந்த வாரம் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?’ என்று கேளுங்கள். திண்ணையில் அரை மணி நேரம் அமர்வது, பேத்தியின் பாட்டைக் கேட்பது, பழைய நண்பருடன் பேசுவது என அவர் சொல்வது சிறியதாக இருக்கலாம். அதுவும் முழுமையான இலக்கே. அதை நிறைவேற்றத் திட்டமிடுங்கள். வலி தடையாக இருந்தால் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள்.

7. ஒரு தாளில் நான்கு வரிகள்

இன்றிரவு ஒரு தாளை எடுத்து இவற்றை நிரப்புங்கள்.

நான் செய்யப்போகும் ஒரே செயல்: …
அதைச் செய்யும் வேளையும் இடமும்: …
ஒரு நாள் தவறினால் மறுநாள் செய்வது: …
வாரம் ஒருமுறை என்னிடம் இதுபற்றிக் கேட்பவர்: …

ஒரே செயல் போதும். அது பழகிய பின் அடுத்ததைச் சேர்க்கலாம். தாளை மாத்திரைப் பெட்டியருகே ஒட்டிவையுங்கள். செய்த நாட்களை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, பரிசோதனைத் தாள்களோடு அந்த நாட்காட்டியையும் கொண்டுவாருங்கள். வட்டமிடாத நாட்கள் இருந்தால் மறைக்க வேண்டாம். எந்த வேளையில், எதனால் தடை நேர்கிறது என்பதை அவையே மருத்துவருக்குச் சொல்லும். உங்கள் சிகிச்சையை உங்கள் வாழ்க்கைக்கு ஏற்ப அமைக்க அவை துணைசெய்யும்.