முள் நிற்கும்வரை பொறு

தம்பி, பழைய ஏவோ மீட்டரும் ஆஸிலாஸ்கோப்பும் வாங்கி வைத்துவிட்டு, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டாய். இவற்றோடு ஆயுளைக் கழித்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. தெரியாத வோல்ட்டேஜா? பெரிய ரேஞ்சில் தொடங்கி, படிப்படியாக இறங்கு. “இறங்க எப்பவும் நேரம் உண்டு, வளைந்த முள்ளை நிமிர்த்தத்தான் நேரம் பத்தாது” என்பார் எனக்குத் தொழில் சொல்லித்தந்த அண்ணாச்சி.

2. நேராகப் பார். ஸ்கேலில் உள்ள கண்ணாடிப் பட்டையில் முள்ளின் பிம்பம் முள்ளுக்கு அடியில் மறையும்போது மட்டும் படி. ஒரே மீட்டரை இரண்டு பையன்கள் இரண்டு பக்கம் நின்று படித்துச் சண்டையிட்டார்கள். அண்ணாச்சி பேசாமல் இருவரையும் நடுவில் இழுத்து நிறுத்தினார். வேண்டிய எண்ணைத் தேடும் கண் சாய்ந்துதான் நிற்கும்.

3. மீட்டரும் தன் பங்கைக் கேட்கும். 1951-இல் வந்த ஏவோ 8, டிசியில் வோல்ட்டுக்கு 20,000 ஓம்; 10 வோல்ட் ரேஞ்சில் 2 லட்சம் ஓம். 2 லட்சம் ஓம் ரெசிஸ்டருக்குப் பின்னால் 8 வோல்ட் இருந்தால் முள் 4-இல்தான் நிற்கும். இது புரியாமல் நல்ல வால்வுகளை மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். குறை சொல்லுமுன், நீ உள்ளே நுழைந்ததால் என்ன மாறியது என்று கேள்.

4. வீரம் காட்டாதே. ஆஸிலாஸ்கோப் புரோபின் கிளிப் எர்த்தோடு சேர்ந்தது. அதை மெயின்ஸ் லைனில் மாட்டினால் வெடிக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரிலும் பிக்சர் டியூபிலும் சார்ஜ் தங்கியிருக்கும். அண்ணாச்சி பெட்டியைத் திறந்தால் இடது கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். அந்தப் பயம்தான் அவரைக் கிழவராக்கியது.

5. நாளை சார்ட் ரெக்கார்டரும் கைக்கு வந்தால், பேனா கோடு போடும் அதன் தாளில் தேதி, ரேஞ்ச், தாள் ஓடும் வேகம் மூன்றையும் எழுது. இல்லையென்றால் அது வெறும் கோடு. ஓர் ஆலையில் நள்ளிரவுக் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம். பேனா மை தடைப்பட்டது என்று ஒதுக்கினார்கள். மறுநாளும் அதே நேரத்தில் அதே பள்ளம். பெரிய மோட்டார் ஓடத்தொடங்கும் நேரம் அது! பிடிக்காத கோட்டைக் கிழித்து எறியாதே.

6. வேலை முடிந்தால் பேட்டரியைக் கழற்று. கசிந்தால் உள்ளே அரித்துவிடும். ஒரு ரேஞ்ச் அரை வோல்ட் கூடுதலாகக் காட்டுகிறதா? சீட்டில் எழுதி மீட்டரின் முதுகில் ஒட்டு. குறை தெரிந்த மீட்டரை வைத்து வேலை செய்யலாம். குறையை மறைத்த மீட்டர்தான் அடுத்தவன் கையைச் சுடும்.