பார்வை கண்ணோடு முடிவதில்லை

பார்வை விழித்திரையில் தொடங்கி, பார்வை நரம்பு வழியே பின்னந்தலை வரை போகிறது. இந்த வழி தெரியாததால் வரும் நான்கு தவறான நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: பார்ப்பது கண்தான்.
உண்மை: ஒளியை மின்துடிப்பாக மாற்றி அனுப்புவது கண், காட்சியை உருவாக்குவது மூளை. பாபநாசம் அகத்தியர் அருவியில் இதை நீங்களே சோதிக்கலாம். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, விழும் தண்ணீரில் ஒரே இடத்தை ஒரு நிமிடம் பாருங்கள். உடனே வலது கண்ணைப் பொத்தி, இடது கண்ணால் பக்கத்துப் பாறையைப் பாருங்கள். பாறை மெல்ல மேலே நகர்வதுபோல் தெரியும். அருவியையே பார்க்காத கண்ணுக்கு இந்த மயக்கம் எப்படி வந்தது? கீழ்நோக்கிய அசைவை உணரும் மூளையின் நரம்பணுக்கள் சோர்ந்துபோனதால்தான். 1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் கண்டு எழுதியதும் இதே மயக்கத்தைத்தான்.

நம்பிக்கை: வலது கண்ணின் செய்தி முழுவதும் இடது மூளைக்குப் போகிறது.
உண்மை: ஒவ்வொரு கண்ணிலிருந்தும் மூக்குப் பக்கத்து இழைகள் மட்டுமே எதிர்ப்பக்கம் மாறுகின்றன. அதனால் நமக்கு வலப்புறம் இருப்பவை, எந்தக் கண்ணில் பட்டாலும் இடது மூளைக்குப் போகின்றன. இடது மூளையின் பின்பகுதியில் பக்கவாதம் வந்தால் இரு கண்களிலும் வலப்பாதி மறையும். நோயாளியோ ‘வலது கண் போச்சு’ என்பார். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே பக்கம் திடீரென மறைந்திருந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். நெல்லையின் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி போன்ற பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.

நம்பிக்கை: கண்தானத்தில் முழுக் கண்ணையும் பார்வையற்றவருக்குப் பொருத்துகிறார்கள்.
உண்மை: பார்வைக்காகப் பொருத்துவது முன்னால் உள்ள கருவிழியை மட்டுமே. பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் உண்டு. அவை அறுந்தால் மூளையோடு மறுபடி இணைக்க இன்றுவரை வழியில்லை. 2023-இல் நியூயார்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணையே பொருத்தினார்கள். கண் உயிரோடு இருந்தது, பார்வை வரவில்லை. ஆனால் கருவிழி கெட்டுப் பார்வை இழந்தவருக்கு அந்த மெல்லிய திசு போதும். இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுத்தால், ஒருவரின் தானம் இருவருக்குப் பார்வை தரும்.

நம்பிக்கை: வயதானால் மங்குவதெல்லாம் புரைதான், முற்றட்டும்.
உண்மை: புரை, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் வருவது, அறுவை செய்தால் பார்வை திரும்பும். ஆனால் கண் நீர் அழுத்த நோய் பார்வை நரம்பையே அழிக்கிறது. பெரும்பாலும் வலி இருக்காது. ஓரப் பார்வைதான் முதலில் குறையும். போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். நெல்லையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் இயங்குகிறது. அரசு மருத்துவமனையும் இருக்கிறது. நாற்பது தாண்டியவர்கள், குறிப்பாகப் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்த நோய் இருந்தால், கண் நன்றாகத் தெரியும்போதே போய் அழுத்தத்தையும் நரம்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.