பாக்டீரியா வயலுக்கு வயல் போவது எப்படி?

நண்பகல் வெயிலில் ஒரு நிலக்கடலைச் செடி துவண்டு நின்றால் யாரும் கவலைப்படுவதில்லை. மாலையில் நிமிர்ந்துவிடும். ஆனால் மறுநாள் காலையிலும், காலடி மண் ஈரமாக இருக்கும்போதே, ஒரு கிளை தொங்கிக் கிடந்தால்? இலைகள் பழுக்கவில்லை, புள்ளி விழவில்லை, பச்சை நிறம் அப்படியே இருக்கிறது. சில நாள்களில் செடி முழுவதும் சாய்ந்துவிடுகிறது. பிறகு பக்கத்துச் செடியும் சாய்கிறது. சீனாவின் தென்பகுதி, இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய இடங்களில் கடலை பயிரிடுவோர் அஞ்சும் பாக்டீரியா வாடல் நோய் இதுதான்.

இதை உண்டாக்கும் கிருமியின் பெயர் ரால்ஸ்டோனியா சொலனேசியாரம். அமெரிக்க அறிஞர் எர்வின் ஸ்மித் 1896இல் தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி ஆகியவற்றில் இதைக் கண்டு விவரித்தார். பழைய நூல்களில் சூடோமோனாஸ் என்ற பெயரில் இதைக் காண்பீர்கள். இன்றைய பெயர் 1995இல் வந்தது. இதன் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரான். 500 பாக்டீரியாக்களை வால்பிடித்தாற்போல் வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும். இத்தனை சிறிய உயிர் ஒரு வயலைக் கடந்து அடுத்த வயலுக்கு எப்படிப் போகிறது?

அதற்கு முன் இன்னொரு கேள்வி உண்டு. செடிக்குள் எப்படிப் போகிறது? பூசணம் தன் இழையால் தாவரத்தின் தோலைத் துளைத்துக்கொண்டு நுழையவல்லது. பாக்டீரியாவுக்கு அந்தத் திறமை இல்லை. இதை வைத்துத்தான் ஜெர்மன் தாவரவியலார் ஆல்ஃபிரட் ஃபிஷர், பாக்டீரியாவால் தாவரங்களுக்கு நோய் வரவே முடியாது என்று வாதிட்டார். ஒவ்வொரு செல்லும் சுவரால் மூடப்பட்டிருக்கிறதே, வாசல் ஏது என்பது அவர் கேள்வி. நல்ல கேள்விதான்! ஸ்மித் அவருடன் சில ஆண்டுகள் ஏடுகளில் காரசாரமாக மோதினார். சோதனைகளைக் காட்டியே வென்றார். வாசல்கள் இருக்கின்றன.

நிலக்கடலையில் அந்த வாசல் வேரில் இருக்கிறது. பக்கவேர் முளைக்கும்போது தாய்வேரின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவருகிறது. அந்த வெடிப்பு ஒன்றே போதும். நூற்புழு கடித்த இடமும், களைக்கொத்து உரசிய காயமும் இதே வேலையைச் செய்கின்றன. வேரிலிருந்து கசியும் பொருள்களின் வாடையைப் பின்பற்றி, மண்துகள்களுக்கு இடையே உள்ள நீரில் பாக்டீரியா நீந்தி வருகிறது. உள்ளே போனதும் நீரை மேலே கொண்டு செல்லும் சைலம் குழாய்களில் குடியேறிப் பெருகுகிறது. கோழை போன்ற ஒரு பொருளைச் சுரந்து குழாயை அடைக்கிறது. மண்ணில் தண்ணீர் இருந்தும் செடி தாகத்தால் சாகிறது. காலை ஈரத்திலும் அது வாடிக் கிடந்ததன் காரணம் இப்போது விளங்கும்.

வாடிய செடியெல்லாம் பாக்டீரியாவால் வாடியது என்று எண்ணிவிடாதீர்கள். நம் தமிழ்நாட்டுக் கடலை வயல்களில் பெரும்பாலும் பூசணமே காரணம். தண்டின் அடியில் கருமையான தூள் படிந்திருந்தால் அது கழுத்தழுகல். வெண்ணிற இழைகளும் கடுகு போன்ற உருண்டைகளும் தென்பட்டால் தண்டழுகல். ஆனால் நம்மூர்த் தக்காளி, கத்தரிச் செடிகளில் பாக்டீரியா வாடல் உண்டு. அப்படி வாடிய செடி கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, வெட்டிய முனை நீரில் படும்படி ஒரு கண்ணாடித் தம்ளரில் அசையாமல் தொங்கவிடுங்கள். பாக்டீரியா இருந்தால் சில நிமிடங்களில் பால் போன்ற வெண்ணிற நூல் ஒன்று முனையிலிருந்து கீழே இறங்கும். அந்த நூல் முழுவதும் பாக்டீரியா. தம்ளர் நீரைத் தோட்டத்தில் ஊற்றாதீர்கள். கொதிக்கவைத்த பிறகே கொட்டுங்கள். கத்தியையும் நன்றாகக் கழுவுங்கள்.

ஏன் இந்த எச்சரிக்கை? வயலில் நடப்பதும் இதுதான். செத்த செடியின் வேரிலிருந்து பாக்டீரியா மண்ணுக்குத் திரும்புகிறது. பாசன நீர் அதை வாய்க்கால் வழியே அடுத்த பாத்திக்குக் கொண்டு போகிறது. மண்வெட்டியிலும் உழுகருவியிலும் கால்களிலும் ஒட்டிய சேறு அடுத்த வயலுக்குச் சுமக்கிறது. ஆக, அதற்குக் கால் தேவையில்லை; நம் கால்களே போதும். விதைக்கடலையும் ஒரு வண்டிதான். ஈரம் காயாத புதிய விதையில் பாக்டீரியா பயணம் செய்வதுண்டு. நன்கு உலர்ந்த விதையில் அது பிழைப்பது அரிது.

எல்லாப் பாக்டீரியாக்களும் வேர் வழியே வருவதில்லை. சோயா மொச்சையைத் தாக்கும் பாக்டீரியாக் கருகல் இலைத்துளைகளின் வழியாகவும், காற்றில் இலைகள் உரசிய காயங்களின் வழியாகவும் நுழைகிறது. காற்றோடு கூடிய மழையே அதற்கு வாகனம். அதனால்தான் இலை ஈரமாக இருக்கும்போது சோயா வயலுக்குள் நடமாட வேண்டாம் என்பார்கள்.

கடலைக்குத் திரும்புவோம். மண்ணுக்குள்ளும் சைலத்துக்குள்ளும் ஒளிந்திருக்கும் கிருமியை மருந்து தெளித்து ஒழிப்பது இயலாத காரியம். நெல்லுடன் மாற்றிப் பயிரிட்டால், நீர் தேங்கிய மண்ணில் அதன் எண்ணிக்கை குறைகிறது. கடலைக்கு முன் கத்தரியோ தக்காளியோ வைத்தால் கூடுகிறது. 1920களில் இந்தோனேசியாவில் உருவாக்கிய ஷ்வார்ஸ் 21 என்ற கடலை ரகம் நோயைத் தாங்கி நின்றது. பின்னர் சீனாவிலும் பல ரகங்கள் வந்தன. இவற்றில் ஒரு வியப்பு உண்டு. தாங்கும் ரகத்தின் வேருக்குள்ளும் பாக்டீரியா நுழைந்துவிடுகிறது. ஆனால் அங்கே கட்டுக்குள் கிடக்கிறது, செடி வாடுவதில்லை. பார்வைக்கு நோயற்ற அந்தச் செடியைப் பிடுங்கி வேறு வயலில் போட்டால், கிருமியும் கூடவே போகிறது.