ஐப்பசி மழைக்கு முன் காரின் ஷாக் அப்சார்பரைப் பார்த்துவிடுங்கள்

வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் தொடங்க வேண்டிய வழக்கமான தேதி அக்டோபர் 20. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருக்கும் கோவைக்கு ஆடிச் சாரலைவிட ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. லங்கா கார்னரிலும் கிக்கானி பள்ளிப் பாலத்தடியிலும் தண்ணீர் கட்டி நிற்பது அப்போதுதான். குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, எரிவாயுக் குழாய் என்று தோண்டி மண்ணைப் போட்டு மூடிய தடங்கள் உள்வாங்குவதும் அப்போதுதான். தண்ணீர் நிறைந்த குழி எவ்வளவு ஆழம் என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய குடும்பக் காரை வைத்திருப்பவர்கள் ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் இடையே உள்ள ஏறத்தாழ மூன்று வாரத்துக்குள் முன்பின் ஷாக் அப்சார்பர்களைப் பரிசோதித்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

டயர் தேய்ந்தால் மாற்றுகிறார்கள். வைப்பர், பிரேக் பேட் எல்லாம் நேரத்துக்கு மாறிவிடுகின்றன. ஷாக்கை மட்டும், "கொஞ்சம் தூக்கிப் போடுதுங்க, அவ்வளவுதான்" என்று அடுத்த சர்வீசுக்குத் தள்ளுகிறார்கள். இடுப்பு வலியோடு போகும் சங்கதி என்று நினைப்பதால் வரும் அலட்சியம் இது. பிரேக் சக்கரத்தின் சுழற்சியைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துவது ரோட்டைப் பிடித்திருக்கும் டயர். அந்தப் பிடி நழுவாமல் பார்த்துக்கொள்வது ஷாக்கின் வேலை. ஆகவே இது பிரேக் கணக்கில் சேர வேண்டிய செலவு.

உள்ளே நடப்பது எளிமையானதுதான். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி அந்த விசையை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் ஸ்பிரிங் ஓயாது. தனியே விட்டால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். ஷாக்குக்குள் இருக்கும் பிஸ்டன், எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே பிதுக்கித் தள்ளி அந்த ஆட்டத்தை வெப்பமாக மாற்றிக் கரைத்துவிடுகிறது. இன்றைய ஷாக்குகளில் எண்ணெய் நுரைக்காமல் இருக்க நைட்ரஜன் வாயுவும் அடைத்திருப்பார்கள். சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தாலோ வால்வு தளர்ந்தாலோ ஆட்டத்தை அடக்க ஆள் இல்லை.

காரின் உடல் ஒரு நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறைதான் மெதுவாக ஆடும். உள்ளே இருப்பவர்கள் உணர்வது அதைத்தான். சக்கரமோ நொடிக்குப் பத்து முறைக்கும் மேல் துடிக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கும் அதிகமாக ஓடுகிறது. அதாவது தேய்ந்த ஷாக் உள்ள சக்கரம், கரடான ரோட்டில் ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை தரையை லேசாக விட்டுவிட்டுத் தொடுகிறது. காய்ந்த ரோட்டில் எப்படியோ சமாளித்துவிடலாம். ஈர ரோட்டில் பிரேக்கை மிதிக்கும் நேரம் பார்த்து டயர் தரையைவிட்டு எழும்பினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஏ.பி.எஸ். உள்ள காரிலும் இதே கதைதான். சக்கரம் துள்ளத் துள்ள அது பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும், வண்டி நிற்க இன்னும் கொஞ்சம் தூரம் போகும்.

இந்தத் தேய்மானம் ஒரே நாளில் வருவதில்லை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதால் தினமும் ஓட்டுபவரின் கையும் காலும் அதற்குப் பழகிவிடுகின்றன. வெளியூரிலிருந்து வந்த மச்சானிடம் சாவியைக் கொடுத்து ஒரு சுற்று ஓட்டச் சொன்னால் முதல் வேகத்தடையிலேயே சொல்லிவிடுவார்.

வீட்டு வாசலிலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு. பானெட்டின் ஒரு மூலையில் உடம்பைக் கொடுத்து இரண்டு, மூன்று முறை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். மேலே வந்து ஒரே அசைவில் நிற்க வேண்டும். இரண்டாவது முறையும் ஆடினால் ஷாக் போய்விட்டது. ஆடவில்லை என்பதற்காக நல்ல ஷாக் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். துருப்பிடித்து இறுகிய புஷ்கூட வண்டியை ஆடவிடாது. அடுத்து, ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்துவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஷாக்கின் மேல் லேசாகப் புழுதி ஒட்டியிருந்தால் பரவாயில்லை. எண்ணெய் வழிந்து, செம்மண் அதில் ஒட்டிக் கறுத்துக் கட்டியாகியிருந்தால் சீல் விட்டுவிட்டது. கடைசியாக டயர். உள்ளங்கையை டயர் பட்டன்மேல் சுற்றுவாக்கில் தடவிப் பார்த்தால், தேய்ந்த ஷாக் உள்ள சக்கரத்தில் மேடும் பள்ளமுமாகத் திட்டுத் திட்டாகக் கைக்குத் தட்டுப்படும்.

ஓட்டிப் பார்க்க கோவையில் நல்ல இடம் இருக்கிறது. 2025 அக்டோபரில் திறந்த அவிநாசி ரோடு ஜி.டி. நாயுடு மேம்பாலம், கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர். வழவழப்பான தளம், நடுநடுவே பாலத்தின் இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பிலும் 'டக்' என்ற சத்தத்தோடு வேலை முடிந்துவிட வேண்டும். அதன் பிறகும் வண்டியின் மூக்கு எழும்பி இறங்கினால் அது சொல்லும் சேதி தெளிவு. கீழே இறங்கியதும் ஒரு வேகத்தடையிலும் இதையே பாருங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை என்பது 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். ஊருக்குள் இருப்பவை அந்த அளவில் இருப்பது அரிது. குறுகிய செங்குத்து மேடுகளைத் தினமும் ஏறி இறங்குவதால்தான் நம் பக்கத்து வண்டிகளின் ஷாக் சீக்கிரம் தளர்கிறது. வெளிநாட்டு ஷாக் கம்பெனிகள் 80,000 கிலோமீட்டருக்குப் பார்க்கச் சொல்கின்றன. பொள்ளாச்சி, உடுமலைத் தோட்டத்துப் பாதைகளில் ஓடும் வண்டிக்கு அது நீண்ட தவணை. 50,000-லேயே பார்த்துவிடலாம்.

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் வேலை வேறு வேறு. ஸ்விஃப்ட், ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ போன்ற கார்களின் முன்பக்கத்தில் இருப்பது ஸ்ட்ரட். ஃபோர்டில் பணியாற்றிய எர்ல் மெக்ஃபெர்சன் என்ற பொறியாளரின் பெயரால் வழங்கும் இந்த அமைப்பு 1950-ல் ஃபோர்டு கான்சல் காரில் வந்தது. ஷாக், ஸ்பிரிங் இரண்டும் ஒரே தூணாக நின்று வண்டியின் எடையைத் தாங்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அந்தத் தூணும் சேர்ந்து திரும்பும். அதனால் முன் ஷாக் தளர்ந்தால் ஸ்டீயரிங்கும் தடுமாறும். பின்பக்கத்தில் பெரும்பாலும் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அதை மாற்றுவது சுலபம், கூலியும் குறைவு.

பட்டறையில் பழைய ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது கூடவே நின்று பாருங்கள். ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் கம்ப்ரசரால் இறுக்கி, அது மேல் தட்டைவிட்டு விலகிய பிறகுதான் நடு நட்டைத் தொட வேண்டும். இறுக்காமல் நட்டை விட்டால் ஸ்பிரிங் பாய்ந்து ஆளையே அடித்துவிடும். வீட்டில் ஸ்பேனர் செட் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு வேலையில் கை வைக்காமல் இருப்பது நல்லது. கழற்றிய பழைய ஷாக்கின் தண்டை நிமிர்த்திப் பிடித்துக் கையால் அழுத்தினால், எதிர்ப்பே இல்லாமல் 'சளக்' என்று உள்ளே போய் அங்கேயே நின்றுவிடும். புதியதை அழுத்த உடம்பின் பலம் வேண்டும். கையை எடுத்தால் மெதுவாகத் தானே மேலே வரும். மேல் மவுண்டில் இருக்கும் பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். பத்து வருட வண்டியில் மணல் அரைபடுவது போல நறநறக்கும்.

அந்த மவுண்ட், பேரிங், உள்ளே இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர், புழுதி உறை நான்கையும் ஷாக்கோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள். பொருளின் விலை சிறிது, அதற்காக மறுபடியும் அவிழ்த்தால் கூலி பெரிது. பம்ப் ஸ்டாப் பொடிந்துபோன வண்டியில் புது ஷாக்கும் பள்ளத்தில் அடிதட்டிச் சீக்கிரம் வீணாகும். லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ் இரண்டையும் அதே நேரத்தில் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 'டொக் டொக்' என்ற சத்தத்துக்குப் பாதி நேரம் காரணம் அவைதான். ஷாக்கை மாற்றியும் சத்தம் போகவில்லை என்று சண்டை வருவது இதனால்தான்.

"ஏனுங்க, எண்ணெய் கசியறது ஒரு பக்கம் மட்டுந்தானே? அதை மட்டும் மாத்துனாப் போதாதுங்களா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. "பத்தாதுங்கண்ணா. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா பிரேக் போட்டா வண்டி இழுக்குமுங்க" என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பலாம். முன் இரண்டும் ஒன்றாக, பின் இரண்டும் ஒன்றாக. நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றப் பணம் இல்லையென்றால், எந்த ஜோடி மோசமோ அதை மழைக்கு முன்பும் மற்றதைத் தை மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம்.

இங்கே கோவைக்கென்று ஒரு எச்சரிக்கை. லேத்தில் கொடுத்தால் எதையும் சரி செய்துவிடலாம் என்பது இந்த ஊரின் பெருமை, அதில் நியாயமும் இருக்கிறது. பம்ப், மோட்டார், நூல் மில் உதிரிகள் என்று எத்தனையோ இங்கே மறுபிறவி எடுக்கின்றன. ஆனால் ஷாக் அந்த வகையில் சேராது. உருளையைத் துளைத்து, கிடைத்த எண்ணெயை ஊற்றி, வெல்டு வைத்து, பெயின்ட் அடித்துப் பாதி விலைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணெயின் பாகுத்தன்மை மாறினால் வால்வின் கணக்கு மொத்தமும் மாறிவிடும். வாயு அழுத்தம் திரும்பி வராது. வெல்டு சூட்டில் சீல் கருகும். சில மாதங்களில் மறுபடியும் ஒழுகும், அதுவும் பெரும்பாலும் மலைப்பாதையில் சூடேறும்போது. பழைய காரில் கழற்றி எடுத்த ஷாக்கும் வேண்டாம். பெயர் பெற்ற கம்பெனிப் பொருளாக, எம்.ஆர்.பி. அச்சிட்ட அட்டைப் பெட்டியோடு, ஜி.எஸ்.டி. பில் போட்டு வாங்குங்கள். வண்டியின் வருடத்தையும் மாடலையும் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தே சொல்லுங்கள். ஒரே பெயரில் வந்த காருக்கு இரண்டு, மூன்று வகை ஷாக் இருக்கும்.

வண்டி தாழ்ந்து நிற்கிறது என்று ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் திணிப்பதும் பரவலாக நடக்கிறது. உயரம் ஸ்பிரிங்கின் விவகாரம். தளர்ந்த ஸ்பிரிங்குக்குப் புது ஸ்பிரிங்தான் மருந்து. பஃபர் வைத்தால் வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் ஷாக்கின் தளர்ச்சி அப்படியே இருக்கும். ஓட்டுபவருக்கு அது தெரியாமல் மட்டும் போய்விடும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. புது ஷாக்கை நிமிர்த்தி வைத்து மூன்று, நான்கு முறை அழுத்தி விட்டுப் பூட்ட வேண்டும். பளபளக்கும் தண்டைப் பிளையரால் பிடிக்கக் கூடாது. ஒரு கீறல் விழுந்தாலே சீல் கிழிந்து ஒழுகத் தொடங்கும். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் ஸ்ட்ரட்டில் இருந்த பழைய கிளிப்பிலேயே முறுக்கில்லாமல் உட்கார வேண்டும். பின் ஷாக்கை அவிழ்க்கும் முன் அச்சுக்குக் கீழே ஜாக்கி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அச்சு தொங்கி ஹோஸை இழுத்துவிடும். புஷ் போல்ட்டுகளுக்குக் கடைசி முறுக்கு, வண்டி நான்கு சக்கரத்திலும் நின்ற பிறகு. தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

முன் ஸ்ட்ரட் மாற்றினால் அன்றைக்கே வீல் அலைன்மென்ட். இதைத் தவிர்த்தவர்கள் புது டயரை ஒரு பக்கமாகத் தேய்த்துவிட்டு வருகிறார்கள். ஏற்கனவே திட்டுத் திட்டாகத் தேய்ந்த டயர், ஷாக் மாற்றிய பிறகும் 'ஹூம்' என்று கத்தத்தான் செய்யும். அது ஷாக்கின் குற்றம் இல்லை. 500 கிலோமீட்டர் ஓடியதும் பட்டறைக்குப் போய் நட்டுகளை ஒருமுறை சரிபார்த்து, புது ஷாக்கில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் வாரண்டி கேட்க முடியும்.

கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் கிளம்பிவிடுவார்கள். விடுமுறை நாட்களில் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14. ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானுமாக ஏறி, ஈர ரோட்டில் இறங்கும் வண்டியில் பின் ஷாக்தான் அதிகம் உழைக்கிறது. அந்தப் பயணம் மனதில் இருப்பவர்கள் பின் ஜோடியை முதலில் பார்க்கட்டும். தோட்டத்திலிருந்து தேங்காய் மூட்டையும் மாட்டுத் தீவனமும் ஏற்றும் கார்களுக்கும் இதுவே பொருந்தும்.

தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் பட்டறைகளில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். வெளியூர்ப் பையன்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பழக்கமான மெக்கானிக்குக் காலையிலேயே போன் போட்டு நாள் கேட்டுக்கொள்ளுங்கள். முன் ஜோடி ஸ்ட்ரட்டுக்கும் அலைன்மென்ட்டுக்கும் சேர்த்து ஒரு முழு நாளை ஒதுக்கி, பொருளின் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொண்டு வண்டியை விடுங்கள். கழற்றிய பழைய ஷாக்குகளைக் கண்ணால் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.