புரிய வைக்கப் போகாதீர்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வளைகாப்புக்கு வந்த தம்பி மனைவிக்குக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டபடியே, "அடுத்தது உனக்குத்தானே? இன்னும் விசேஷம் எதுவும் இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். போன மாதம்தான் கரு கலைந்தது என்று மறுநாள் தம்பி சொல்லித் தெரிந்தது. 'தெரிஞ்சு கேக்கலியே, அதை எப்படிப் புரிய வைப்பது?' என்று எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் தெரிந்து கேட்கவில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும். நம் வீடுகளில் மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தை வெளியே சொல்வதில்லை. கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் 12 வாரத்துக்குள்தான் நடக்கின்றன. உண்டானதையே சொல்லாதவர் கலைந்ததை யாரிடம் போய்ச் சொல்வார்? துக்கம் கேட்க ஒருவர்கூட வராத வீட்டிலிருந்து புடவை கட்டிக்கொண்டு அந்த வளைகாப்புக்கும் வந்திருக்கிறார்.

அதனால் புரிய வைக்கப் போகாதீர்கள். "நான் வேணும்னு கேக்கலை" என்று ஆரம்பித்தீர்களானால், "பரவாயில்ல அண்ணி" என்று அவர் உங்களைத் தேற்ற வேண்டிவரும். அந்தப் பாரமும் அவருக்கு எதற்கு?

முதலில், உங்களிடம் சொன்னது அவருக்குத் தெரியுமா என்று தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாதென்றால் கரு கலைந்த பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம். வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் போய், "அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. உன் மனசு நொந்துபோச்சு" என்று சொல்லுங்கள். போதும். பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். அவராகப் பேசினால், எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து கேளுங்கள்.

கேட்கும்போது "வண்டியில போனியா, பப்பாளி சாப்பிட்டியா" என்று மட்டும் காரணம் தேடிவிடாதீர்கள். தொடக்கத்திலேயே கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் கருவின் குரோமோசோம் கோளாறுதான் காரணம்; தாய் செய்த எதனாலும் அது வருவதில்லை. "அடுத்தது நல்லபடியா நிக்கும்" என்பதும் வேண்டாம். போனது அவருக்கு ஒரு பிள்ளை.

இனி வரும் விசேஷங்களில் இதே கேள்வியைச் சித்தியோ பெரியம்மாவோ கேட்கத்தான் போகிறார்கள். அப்போது பக்கத்தில் இருங்கள். "பந்தி போட்டாச்சு சித்தி, வாங்க" என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். வளைகாப்பு என்றால், வர விருப்பமா என்று அவரிடம் முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள். வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு நீங்களே ஏதாவது பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி